பிள்ளைக்குச் சொல்லித்தருகையில் வளரும் விசுவாசம்

"எனக்கே வேதம் சரியாகத் தெரியாது, நான் எப்படிப் பிள்ளைக்குச் சொல்லித்தருவது?" நம் சபைகளில் அப்பா அம்மாக்கள் அடிக்கடி சொல்லும் பேச்சு இது. பணிவோடு சொல்லப்படுவதால் யாரும் இதை மறுத்துப் பேசுவதில்லை. போதகர் இருக்கிறார், ஞாயிறு பள்ளி ஆசிரியர் இருக்கிறார், கோடை விடுமுறையில் விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) இருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லித்தரட்டும் என்று பெற்றோர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். விசுவாசம் முதலில் தங்களுக்குள் நிறைய வேண்டும், நிறைந்தபிறகே பிள்ளைக்குக் கொடுக்க முடியும் என்ற எண்ணம் இந்தப் பேச்சுக்கு அடியில் இருக்கிறது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த எண்ணம் தவறு என்பதே என் வாதம். பெற்றோரின் விசுவாசம் பெரும்பாலும் சொல்லித்தரும் வேலைக்குள்தான் பலப்படுகிறது. அந்த வேலையைப் பிறர் கையில் முழுக்க விட்டுவிடும்போது பிள்ளைக்கு முன்பே பெற்றோர் நஷ்டப்படுகிறார்கள். வேதமும் திருச்சபை வரலாறும் கடந்த 50 ஆண்டுகளின் குடும்ப ஆய்வுகளும் இதற்குச் சான்று தருகின்றன.

முதலில் வேதம். உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் மோசே கட்டளைகளை இருதயத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, அதன்பிறகு பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்கிறார். "பார், முதலில் இருதயம், பிறகுதான் போதனை" என்று இதையே எதிர்வாதமாகச் சொல்லலாம். ஆனால் வார்த்தைகள் இருதயத்தில் எப்படித் தங்கும் என்பதையும் அதே பகுதி சொல்லிவிடுகிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்பும்போதும் பிள்ளையோடு அவற்றைப் பேசவேண்டும். அதிகாரத்தின் கடைசியில் பிள்ளையே கேள்வி கேட்கிறது: இந்தக் கட்டளைகள் எல்லாம் எதற்கு? தகப்பன் விளக்கவுரை கொடுப்பதில்லை. நாங்கள் எகிப்தில் அடிமைகளாயிருந்தோம் என்று தன்னை உள்ளே வைத்துக் கதை சொல்கிறான். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பின்வந்த தலைமுறைகளில் இந்தப் பதிலைச் சொன்ன எவனும் எகிப்தைக் கண்ணால் பார்த்தவன் அல்ல. பிள்ளைக்குச் சொல்லும் அந்த நேரத்தில்தான் முன்னோரின் மீட்பு அவனுடைய மீட்பாகிறது. யாத்திராகமம் 12இல் பஸ்கா ஆசரிப்பும் இதே அமைப்பில் இருக்கிறது. இந்த ஆராதனை என்னவென்று பிள்ளை கேட்கும், பெற்றோர் பதில் சொல்லியாகவேண்டும். இஸ்ரவேலின் விசுவாசம் சந்ததி சந்ததியாக நின்றது இந்தக் கேள்வி பதிலின்மேல்தான்.

ஆதியாகமம் 5ஆம் அதிகாரத்தின் வம்ச அட்டவணையில் ஒரு சிறிய குறிப்பு உண்டு. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஏனோக்கு 65 வயதில் மெத்தூசலாவைப் பெற்றான். அவன் தேவனோடு சஞ்சரித்ததாக வேதம் சொல்வது மெத்தூசலா பிறந்தபிறகான 300 ஆண்டுகளைப் பற்றி. அதற்கு முன்பு எப்படி வாழ்ந்தான் என்று எதுவும் இல்லை. ஒரு வசனத்தின்மேல் பெரிய உபதேசம் கட்டக்கூடாது என்பது சரிதான். ஆனாலும் தேவனோடு நடந்தவன் என்று முதலில் பெயரெடுத்த மனிதன், பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டே நடந்தான் என்பதை அந்த வசனம் தெளிவாகவே சொல்கிறது. பிள்ளை வளர்ப்பின் சந்தடி பக்திக்கு இடைஞ்சல் என்று நினைப்பவர்கள் அங்கே சற்று நின்று யோசிக்கலாம்.

வரலாற்றில் இதை மிக அருகிலிருந்து பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல வாய்ப்பு சூசன்னா வெஸ்லியின் வாழ்க்கை. மெதடிஸ்ட் எழுப்புதலின் தலைவர்களான ஜான் வெஸ்லிக்கும் சார்ல்ஸ் வெஸ்லிக்கும் தாய் என்றே அவரை நாம் அறிவோம். அன்னையர் தினப் பிரசங்கங்களில் அவர் பெயர் தவறாமல் வரும். ஆனால் அந்தப் பிரசங்கங்கள் மகன்களின் பெருமையைக் கொண்டே தாயை அளக்கின்றன. தாயின் விசுவாசத்துக்கு என்ன நடந்தது என்று கேட்பதில்லை. அவர் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்பும் உரையாடல்களும் பெருமளவு மிஞ்சியிருக்கின்றன. சார்ல்ஸ் வாலஸ் 1997இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். அவற்றை வரிசையாகப் படிப்பவருக்கு 40 வயதிலும் 70 வயதிலும் வளர்ந்துகொண்டிருந்த ஒரு விசுவாசி தெரிவார்.

சூசன்னா 1669இல் லண்டனில் பிறந்தார். தந்தை சாமுவேல் ஆன்ஸ்லி, இங்கிலாந்து திருச்சபையிலிருந்து பிரிந்து நின்ற போதகர்களில் முக்கியமானவர். கணவர் சாமுவேல் வெஸ்லி, லிங்கன்ஷயரின் சதுப்பு நிலத்திலிருந்த எப்வர்த் ஊரின் குருவானவர். கடன் தீராத வீடு. 19 பிள்ளைகள் பிறந்து 10 பேர் மட்டுமே வளர்ந்து ஆளானார்கள். பிள்ளைக்கு 5 வயது முடிந்ததும் சூசன்னாவே வீட்டில் பாடம் தொடங்குவார்: காலை 9 மணியிலிருந்து 12 மணிவரை, பிற்பகல் 2 மணியிலிருந்து 5 மணிவரை. முதல் நாளில் எழுத்துகள். அவை தெரிந்தவுடன் ஆதியாகமத்தின் முதல் அதிகாரம், எழுத்தெழுத்தாகக் கூட்டி, வரி வரியாக. ஒரு நாளில் எழுத்துகளைக் கற்காதவர்கள் அந்த வீட்டில் மோலியும் நான்சியும் மட்டும்தான்; அவர்களுக்கு ஒன்றரை நாள் ஆயிற்று என்று பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதுகிறார். நன்றாக வாசிக்கக் கற்கும்வரை எந்தப் பெண்பிள்ளையையும் தையல் முதலிய வேலையில் உட்காரவைக்கக் கூடாது என்பது அந்த வீட்டின் விதி. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தாய் வகுத்த விதி அது.

1709 பிப்ரவரியில் அந்த வீடு எரிந்துபோனது. 5 வயது ஜானை மாடி ஜன்னல் வழியாகக் கடைசி நேரத்தில் இறக்கினார்கள். வீட்டை மறுபடி கட்டும்வரை பிள்ளைகள் வெவ்வேறு வீடுகளில் தங்கினார்கள். பல ஆண்டுகளாகப் பழக்கியதெல்லாம் அங்கே குலைந்துவிட்டது என்று தாய் வருந்தினார். திரும்பவும் கூட்டிச் சேர்த்த அந்தக் குடும்பத்துக்குள் தமிழ் மண்ணிலிருந்து ஒரு செய்தி வந்து சேர்ந்தது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரிகளான சீகன்பால்குவும் புளூட்சோவும் எழுதிய கடிதங்கள் 1709இல் லண்டனில் ஆங்கில நூலாக வெளிவந்திருந்தன. அதன் ஒரு பிரதியைத் தந்தையின் படிப்பறையில் மகள் எமிலியா கண்டெடுத்தார். அதைப் படித்த சூசன்னா பல நாட்கள் வேறு எதையும் நினைக்கவோ பேசவோ முடியாதவராக இருந்ததாகக் கணவருக்கு எழுதிய 1712 பிப்ரவரிக் கடிதம் சொல்கிறது. தான் ஆணுமல்ல, ஊழியக்காரனுமல்ல. ஆனாலும் இப்போது செய்வதைவிட அதிகம் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. எங்கே தொடங்குவது? தன் பிள்ளைகளிடமே.

பகல் பாடங்களில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். இப்போது ஒவ்வொரு இரவும் ஒரு பிள்ளையோடு தனியாகப் பேச நேரம் ஒதுக்கினார். திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜான், வெள்ளி மார்த்தா, சனி சார்ல்ஸ், ஞாயிறு எமிலியாவும் இளைய சூசன்னாவும். பல ஆண்டுகள் கழித்து, 1732இல், ஆக்ஸ்போர்டில் கல்லூரி ஆசிரியராகிவிட்ட ஜான், அன்று தனக்குக் கொடுத்த வியாழக்கிழமை மாலையின் சிறு பங்கை இன்னும் தனக்காக ஒதுக்கும்படி தாய்க்கு எழுதிக் கேட்டார். பிள்ளையின் உள்ளத்தில் அந்த நேரம் எவ்வளவு ஆழமாகப் போயிற்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. எனக்கு இங்கே முக்கியம் தாயின் பக்கம். 8 பிள்ளைகள், 8 மனநிலைகள். வளர்ந்த மகள் எமிலியாவுக்குப் போதும் என்ற பதில் ஜானுக்குப் போதாது. ஜானுக்குச் சரியானது சின்னஞ்சிறு சார்ல்ஸுக்கு விளங்காது. வாரத்தில் 7 இரவும் தன் விசுவாசத்தைப் புதிதாக யோசித்துச் சொல்லவேண்டிய இடத்தில் அவர் தன்னை நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கட்டாயம் அவரை எங்கே கொண்டுபோனது என்பதை அவருடைய எழுத்தே காட்டுகிறது. வீடு எரிந்தபிறகு பிரிந்து வாழ்ந்த மகள் சூசன்னாவுக்கு 1710 ஜனவரியில் எழுதிய நீண்ட கடிதம், அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்துக்கு வாக்கியம் வாக்கியமாக எழுதிய விளக்கம். அடுத்து, தாயும் எமிலியாவும் பேசிக்கொள்வதுபோல் ஓர் உரையாடல் நூலை எழுதினார். கடவுள் இருக்கிறார் என்பதை எப்படி அறிகிறோம், வேதத்தின் வெளிப்பாடு ஏன் வேண்டும் போன்ற கேள்விகளை அது எடுத்துக்கொள்கிறது. அவர் காலத்தில் அது அச்சேறவில்லை, 1898இல்தான் வெளியானது. ஜான் லாக்கின் தத்துவமும் பாஸ்கலின் சிந்தனைகளும் அவர் எழுத்தில் தடம் பதித்திருக்கின்றன. பல்கலைக்கழகத்தின் கதவு பெண்களுக்கு அடைத்திருந்த காலத்தில், சமையலறைக்கும் பாடவேளைக்கும் நடுவே ஒரு பெண் இறையியல் எழுதினார். எழுதத் தூண்டியவர்கள் பிள்ளைகள். "நான் நம்புகிறேன்" என்று ஆலயத்தில் எல்லோரோடும் சேர்ந்து சொல்வது எளிது. அதே வார்த்தையை ஒரு மகளுக்கு விளக்கி எழுத உட்காரும்போது, தான் எதை நம்புகிறோம், எதைப் பழக்கத்தால் சொல்கிறோம் என்பது வெளிச்சத்துக்கு வருகிறது. நாளுக்கு இரண்டு மூன்று வேளை தனித்திருந்து தியானித்து எழுதிய அவரது நாட்குறிப்பும் இந்த ஆண்டுகளுக்கு உரியதே.

இந்த வளர்ச்சி வீட்டோடு நிற்கவில்லை. 1711–12 குளிர்காலத்தில் கணவர் திருச்சபை மாமன்றத்துக்காக லண்டன் போயிருந்தார். ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் சூசன்னா ஜெபம் வாசித்து, அச்சிட்ட பிரசங்கம் ஒன்றைப் படித்துக் காட்டுவார். வேலைக்காரப் பையன் தன் பெற்றோரிடம் சொல்ல, அவர்கள் வந்தார்கள். பிறகு அக்கம்பக்கத்தார். 30, 40 என்றிருந்த கூட்டம் 200ஐத் தாண்டியது. உட்கார இடமில்லாமல் பலர் திரும்பிப் போனார்கள். ஆலயத்தில் கூட்டம் குறைவாயிருக்க, குருமனையில் ஒரு பெண் நடத்தும் கூட்டம் நிரம்பி வழிவதைத் துணைக்குரு லண்டனுக்கு எழுதி முறையிட்டார். கணவர் தயங்கினார். சூசன்னா அவருக்கு எழுதிய பதிலின் அடிப்படை இதுதான்: நீங்கள் இல்லாதபோது இந்த வீட்டிலுள்ள ஒவ்வோர் ஆத்துமாவும் என் பொறுப்பில் விடப்பட்டது, அதற்கு நான் தேவனுக்குக் கணக்குக் கொடுக்கவேண்டும். கூட்டத்தை நிறுத்தவேண்டுமானால், விருப்பம் என்று சொல்லாதீர்கள், தெளிவான கட்டளையாக அனுப்புங்கள். நியாயத்தீர்ப்பு நாளில் அந்தப் பொறுப்பு என்மேல் இருக்கக்கூடாது. கட்டளை வரவில்லை. பெற்றோர் என்ற பொறுப்பை முழுமையாக உணர்ந்ததிலிருந்து பிறந்த துணிவு இது.

அவர் வாழ்க்கையில் என்னை அதிகம் அசைப்பது 1739இல் நடந்தது. முந்தின ஆண்டு மே மாதத்தில் ஜானும் சார்ல்ஸும், கிறிஸ்துவினிமித்தம் தங்கள் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நிச்சயத்தை அடைந்து, அதைப் பிரசங்கிக்கத் தொடங்கியிருந்தார்கள். அப்படி இப்போதே மன்னிப்பைப் பெற்றிருப்பதைப் பற்றிச் சமீபகாலம்வரை தான் அதிகம் கேள்விப்பட்டதுகூட இல்லை என்று சூசன்னா மகனிடம் சொன்னார். பிறகு ஒரு நாள் திருவிருந்தில் மருமகன் பாத்திரத்தைக் கொடுத்தபோது, கிறிஸ்துவின் இரத்தம் உனக்காகச் சிந்தப்பட்டது என்ற வழக்கமான வார்த்தைகள் அவர் இருதயத்தைத் தைத்தன. தன் பாவங்கள் மன்னிக்கப்பட்டதை அந்தக் கணத்தில் அறிந்தார். செப்டம்பர் மாதத்தில் ஜான் தன் நாட்குறிப்பில் இதைப் பதிவு செய்கிறார். அப்போது தாய்க்கு வயது 70. விசுவாசப் பிரமாணத்தைப் பிள்ளைகளுக்கு வாக்கியம் வாக்கியமாக விளக்கியவர், அதில் பாவமன்னிப்பைப் பற்றிய வாக்கியத்தின் ஆறுதலைப் பிள்ளைகள் காட்டிய வழியில் முதுமையில் பெற்றுக்கொண்டார். தான் கொடுத்ததைக் காட்டிலும் அதிகமாகத் திரும்பப் பெற்றார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

மார்ட்டின் லூத்தர் இதையே வேறொரு பக்கத்திலிருந்து கண்டுகொண்டவர். 1528இல் சாக்சனிச் சபைகளைப் பார்வையிடப் போனபோது, கற்பனைகளும் கர்த்தருடைய ஜெபமும்கூடத் தெரியாத மக்களைக் கண்டு அதிர்ந்தார். அடுத்த ஆண்டே சிறிய ஞானோபதேசம் வெளிவந்தது, முதலில் சுவரில் மாட்டும் தாள்களாகவும் பின்பு நூலாகவும். அதன் ஒவ்வொரு பகுதியும் குடும்பத் தலைவர் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்கவேண்டியது என்ற தலைப்போடுதான் தொடங்குகிறது. தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஆரம்பத்திலேயே அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கும் தமிழ் லூத்தரன் சபைகளில் திடப்படுத்தலுக்குப் படிக்கும் பிள்ளைகள் கையில் அது இருக்கிறது. பெரிய ஞானோபதேசத்தின் 1530ஆம் ஆண்டு முன்னுரையில் லூத்தர் தன்னைப் பற்றி எழுதுவது கவனிக்கத்தக்கது. தான் வேதபண்டிதனும் பிரசங்கியுமாயிருந்தும், காலையில் ஒரு பிள்ளையைப்போலக் கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் வார்த்தை வார்த்தையாகச் சொல்வதாகவும், ஞானோபதேசத்துக்குத் தான் என்றும் மாணவனே என்றும் அவர் எழுதுகிறார். அவர் வீட்டில் அப்போது சிறுபிள்ளைகள் இருந்தார்கள். ஞானோபதேசத்தின் ஆசிரியரே அதைக் கற்று முடிக்கவில்லை என்றால், முடித்தபிறகே பிள்ளைக்குச் சொல்வேன் என்று காத்திருப்பவர் எத்தனை காலம் காத்திருப்பார்?

மனப்பாடம் மட்டும் போதுமா என்றால், போதாது என்றே லூத்தரன் சபைகளின் ஆவணங்கள் காட்டுகின்றன. ஜெரால்ட் ஸ்ட்ராஸ் என்ற வரலாற்றறிஞர் 1978இல் எழுதிய நூலில், 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் சபைப் பார்வையிடல் பதிவுகளை ஆராய்ந்து, பல தலைமுறை ஞானோபதேசப் போதனைக்குப் பிறகும் மக்களின் அறிவும் ஈடுபாடும் மெலிந்தே இருந்தன என்று வாதிட்டார். அவர் முடிவை மறுத்த அறிஞர்களும் உண்டு. ஆனால் அந்தப் போதனை பல இடங்களில் வீட்டை விட்டு ஆலயத்துக்கும் பள்ளிக்கும் இடம்பெயர்ந்து, ஒப்பிக்கும் பயிற்சியாகச் சுருங்கியது. வீட்டின் உரையாடல் நின்ற இடத்தில் கேள்வியும் பதிலும் ஏட்டில் தங்கிவிட்டன.

உரையாடல் என்றேன். இன்றைய ஆய்வுகள் அழுத்தமாகச் சொல்வதும் அதைத்தான். கிறிஸ் பாயட்சிஸ், டெனிஸ் ஜானிக்கி இருவரும் 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சிறுபிள்ளைகள் உள்ள அமெரிக்கக் கிறிஸ்தவத் தாய்மாரிடம் வீட்டில் நடந்த விசுவாசப் பேச்சுகளைக் குறித்துவைக்கச் சொன்னார்கள். பேச்சைத் தொடங்கியதும் முடித்ததும் ஏறக்குறையப் பாதி நேரம் பிள்ளைகளே; கேள்வி கேட்டதோடு தங்கள் சொந்தக் கருத்தையும் சொன்னார்கள். குடும்பங்கள் சிலவே என்பதால் இதிலிருந்து உலகம் முழுமைக்கும் விதி எழுத முடியாது. ஆனாலும் பெற்றோர் கொடுக்கிறார்கள், பிள்ளை வாங்கிக்கொள்கிறது என்ற ஒருவழிப் படத்தை அது உடைக்கிறது. கிறிஸ்டியன் ஸ்மித்தும் ஏமி ஆடம்சிக்கும் 2021இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில் போகிறது. பிள்ளையின் விசுவாசத்தைத் தீர்மானிப்பதில் பெற்றோரை மிஞ்சிய செல்வாக்கு வேறில்லை. அந்தச் செல்வாக்கு முக்கியமாக வேலை செய்வது வாரநாட்களில் இயல்பாக எழும் பேச்சில். செத்துப்போன தாத்தா இப்போது எங்கே, நாம் ஜெபித்தும் அத்தைக்கு ஏன் சுகமாகவில்லை, பக்கத்து வீட்டு அண்ணன் வேறு சாமியைக் கும்பிடுகிறானே, அவன் கெட்டவனா? இந்தக் கேள்விகள் முன்னறிவிப்பு இல்லாமல் வரும். பதில் தேடும் தாயும் தகப்பனும் வேதத்தைத் திறக்கிறார்கள், ஒருவரையொருவர் கேட்கிறார்கள், ஜெபிக்கிறார்கள். எந்தப் பிரசங்கமும் அவர்களை இந்த அளவுக்கு உலுக்கியிருக்காது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சூசன்னா போதகர் மகள், போதகர் மனைவி, அபூர்வ அறிவாளி. 13 வயதுக்குள்ளேயே யோசித்துத் தந்தையின் பிரிவினைச் சபையிலிருந்து விலகி இங்கிலாந்து திருச்சபையில் சேர்ந்தவர். ஏற்கெனவே பலமுள்ளவர் பலப்பட்டதை வைத்துப் பலவீனருக்கு என்ன சொல்வது? மாற்கு 9ஆம் அதிகாரத்தின் தகப்பனைப் பாருங்கள். அவன் பெயர்கூட நமக்குத் தெரியாது. சிறுவயது முதல் வலிப்பால் தீயிலும் தண்ணீரிலும் விழும் மகனை இயேசுவிடம் கொண்டுவருகிறான். சீஷர்களால் முடியவில்லை என்று ஏற்கெனவே பார்த்துவிட்டதால், உம்மால் கூடுமானால் என்றே உதவி கேட்கிறான். அவன் அறிக்கையில் விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே மூச்சில் வருகின்றன; தன் அவிசுவாசம் நீங்க உதவும்படி கண்ணீரோடு கேட்கிறான். பிள்ளைக்காக வந்திராவிட்டால் அந்த ஜெபத்தை அவன் செய்திருப்பானா? அரைகுறை விசுவாசத்தோடு வந்தவனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. நிறைந்தபிறகு வருகிறேன் என்று அவன் வீட்டிலேயே இருந்திருந்தால் அவனும் மகனும் அப்படியே இருந்திருப்பார்கள்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது, அதை மழுப்பக்கூடாது. சூசன்னாவின் வளர்ப்பில் கண்டிப்பு மிகுதி. மகன் கேட்டுக்கொண்டதால் 1732 ஜூலையில் தன் முறைகளை விவரித்து எழுதிய கடிதத்தில், பிள்ளையின் சுயசித்தத்தை ஆரம்பத்திலேயே அடக்கவேண்டும் என்கிறார்; ஒரு வயதிலேயே பிரம்புக்குப் பயந்து, சத்தமில்லாமல் அழப் பழக்கியதாகச் சொல்கிறார். இதை அக்காலத்து வழக்கம் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. ஒரு வயதுப் பிள்ளையை அடிப்பது அன்றும் தவறு, இன்றும் தவறு. அதே கடிதத்தில் வேறு விதிகளும் இருக்கின்றன: குற்றத்தை ஒத்துக்கொண்ட பிள்ளையை அடிக்கக்கூடாது, ஒரே தவறுக்கு இருமுறை தண்டிக்கவோ பிறகு சொல்லிக்காட்டவோ கூடாது, கீழ்ப்படிந்ததைப் பாராட்டவேண்டும், கொடுத்த வாக்கைக் காப்பாற்றவேண்டும். ஜான் நன்றியோடு நினைவுகூர்ந்து திரும்பக் கேட்டது வியாழக்கிழமை மாலையை, பிரம்பை அல்ல. வெர்ன் பெங்ஸ்டன் தலைமையில் தென் கலிபோர்னியாவில் 1970இல் தொடங்கி 35 ஆண்டுகள் 350க்கும் மேற்பட்ட குடும்பங்களைத் தொடர்ந்த ஆய்வு, 2013இல் நூலாக வந்தது. பெற்றோரின் பக்தியும் முன்மாதிரியும் இருந்தும் அன்பின் நெருக்கம் இல்லாத வீடுகளில் விசுவாசம் அடுத்த தலைமுறைக்கு எளிதில் போகவில்லை. முக்கியமாகத் தகப்பனோடுள்ள நெருக்கமே அதைத் தீர்மானித்தது என்று அது கண்டது. பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று எபேசியர் நிருபத்தில் பவுல் தகப்பன்மாரைக் குறிப்பிட்டே எழுதியது காரணமில்லாமல் அல்ல. கடுமையால் பெற்றோரின் விசுவாசமும் வளராது. அது தன் தவறைப் பார்க்கவிடாது.

எல்லாம் செய்தும் பிள்ளை விலகிப்போனால்? எப்வர்த் வீட்டிலேயே இந்த வேதனை இருந்தது. மகள் ஹெட்டி 1725இல் ஒருவனை நம்பிப் போய் ஏமாந்து திரும்பினார். அவசரமாக வேறொருவருக்குக் கட்டிவைத்தார்கள், தந்தையின் மனம் முழுதாக இளகவேயில்லை. பக்தியான வீட்டில் இரக்கம் தோற்றுப்போன இடம் அது. வேதத்தில் ஏலியின் மகன்களும் தீர்க்கதரிசி சாமுவேலின் மகன்களும் தகப்பன் வழியில் நடக்கவில்லை. ஆகவே முறையாக வளர்த்தால் பிள்ளை கட்டாயம் விசுவாசியாகும் என்று யாரும் உறுதிச்சீட்டு எழுதித்தர முடியாது. ஆனால் பிள்ளை விலகிய காலத்திலும் பெற்றோரின் விசுவாசம் வளரும் என்பதற்கு அகஸ்டினின் தாய் மோனிக்கா சாட்சி. அகஸ்டினின் 'அறிக்கைகள்' நூலைத் தாயை மனதில் வைத்துப் படித்தால் இது தெரியும். ஆரம்பத்து மோனிக்கா மகனின் படிப்பும் உத்தியோகமும் கெட்டுவிடக்கூடாதென்று அவன் திருமணத்தைத் தள்ளிவைத்தவர். மகன் தன்னை ஏமாற்றி இரவில் ரோமுக்குக் கப்பலேறியபோது, கார்த்தேஜில் சிப்ரியான் நினைவாலயத்தில் அவனைப் போகவிடக்கூடாது என்று ஜெபித்துக்கொண்டிருந்தார். அந்த ஜெபம் கேட்கப்படவில்லை. அதன் வழியாகத்தான் மகன் மிலான் போய் அங்கே ஆயராயிருந்த அம்புரோஸைச் சந்தித்தான். மிலானில் தாயும் மாறினார். ஊர் வழக்கப்படி இரத்தசாட்சிகளின் கல்லறைகளுக்கு அப்பமும் திராட்சரசமும் கொண்டுபோவதை அம்புரோஸ் தடுத்தார் என்று கேட்டதும் விட்டுவிட்டார். 386இல் மகனும் நண்பர்களும் பேரின்ப வாழ்வைப் பற்றி நடத்திய விவாதத்தில் அவரும் உட்கார்ந்து பேசினார். 387இல் மகன் ஞானஸ்நானம் பெற்றபின், ஊர் திரும்பும் வழியில் ஒஸ்தியாவில் நோயுற்றார். கணவர் பக்கத்தில் அடக்கம் செய்யவேண்டும் என்று வெகுகாலம் ஆசைப்பட்டவர், இந்த உடலை எங்கேயாவது வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மகனுக்காக அழுத ஆண்டுகள் மகனை மட்டும் மாற்றவில்லை.

பெற்றோர் தம் விசுவாசம் வளரப் பிள்ளையைக் கருவியாக்குவது சரியா என்றும் கேட்கலாம். அப்படிச் செய்தால் தவறுதான். ஆனால் எப்வர்த்திலும் மிலானிலும் வளர்ச்சி தேடி யாரும் பிள்ளையிடம் போகவில்லை. பிள்ளையின் நன்மையை மட்டும் தேடினார்கள், வளர்ச்சி கூடவே வந்தது.

நம் சபைகளுக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் நடத்திய ஞாயிறு பள்ளி, வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கானது. வாசிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பதிலாக அது நின்றது. இன்று பட்டம் பெற்ற பெற்றோருள்ள வீடுகளிலும் அது பெற்றோருக்குப் பதிலாகவே நிற்கிறது. டியூஷன் முடிந்து பிள்ளை வீடு சேர 8 மணி ஆகிறது. குடும்ப ஜெபம் 10 நிமிடத்துக்குச் சுருங்கி, தேர்வுக் காலத்தில் அதுவும் நின்றுவிடுகிறது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது சபை முழுவதும் கேட்க, கிறிஸ்தவ விசுவாசத்தில் வளர்ப்போம் என்று பெற்றோர் வாக்குக் கொடுக்கிறார்கள். அந்த வாக்கை நிறைவேற்றச் சபை அவர்களுக்கு என்ன உதவி செய்கிறது? போதகர்களிடமும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளைக்குக் கொடுக்கும் பாடத்தோடு, அதே பகுதியைப் பற்றி ஒரு கேள்வியை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் வீட்டில் என்ன பேசினார்கள் என்று விசாரியுங்கள். பெற்றோரே, வேதம் தெரியாது என்ற காரணத்தைச் சொல்லிக் காத்திருக்காதீர்கள். பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்; பிறகு அதே இரவில் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வேதத்தைத் திறந்து இருவருமாகத் தேடுங்கள்.